காட்டுப் பழமும் மந்தியின் மடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுக் குரங்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால் சண்டை, தலைமை, கூட்டம் என்றுதான் பெரும்பாலும் போகும். ஒரு மந்தி ஏன் இந்த மாதத்தில் குட்டி போடுகிறது, ஏன் சில ஆண்டுகளில் கூட்டத்தில் கைக்குட்டியே அதிகம் தென்படுவதில்லை என்று கேட்பவர்கள் குறைவு. "அதுக்கு ஒரு சீசன் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த சீசன் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், மரங்கள் எப்போது பூக்கின்றன, எப்போது காய்க்கின்றன, எப்போது ஒன்றுமே தராமல் நிற்கின்றன என்பதில் போய் நிற்கும். அதைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே.

குரங்குகளுக்கு மான், ஆடு மாதிரி இனப்பெருக்கப் பருவம் உண்டா?

இனத்துக்கு இனம் மாறும். ஒரு கோடியில், குரங்குகளுக்குத் தூரத்து உறவான, மடகாஸ்கரின் வளையவால் லெமூர். ஏப்ரல், மே வாக்கில் கூட்டம் முழுக்க இணை சேர்ந்துவிடும். அதிலும் ஒரு பெண் ஆணை ஏற்கும் நேரம் ஒரு நாளுக்கும் குறைவுதான். நாலரை மாதம் கழித்து, செப்டம்பரை ஒட்டிக் குட்டிகள் வரிசையாகப் பிறக்கும். மறுகோடியில் ஆப்பிரிக்காவின் விருங்கா மலைகளில் வாழும் மலைக் கொரில்லா. அதற்கு இன்ன மாதம் என்று கிடையாது. அது தின்பது பெரும்பாலும் தண்டும் இலையும். காட்டுச் செலரி, முட்செடி, கொடி என எந்த மாதமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சாப்பாட்டில் ஏற்ற இறக்கம் இல்லை, பிறப்பிலும் இல்லை.

மற்றவை இந்த இரண்டுக்கும் நடுவில். ஜப்பானியக் குரங்கு இலையுதிர் காலத்தில் இணை சேர்ந்து வசந்தத்தில் குட்டி போடுகிறது. நம் ஊர் நாட்டுக்குரங்கிலும் பெரும்பாலான குட்டிகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பிறக்கின்றன. மழைக்காலத்தில் இணை சேர்ந்து ஐந்தரை மாதம் வயிற்றில் சுமந்தால் கணக்கு அங்கேதான் வரும்.

பிள்ளைப்பேற்றில் எந்தக் கட்டத்தில் தாய்க்கு அதிகச் சாப்பாடு தேவை?

கர்ப்ப காலம் என்று தோன்றும். உண்மையில் செலவு உச்சத்துக்குப் போவது பாலூட்டும் காலத்தில். குரங்கினங்களின் பால் பொதுவாக நீர்த்தது, சத்துச் செறிவு குறைவு. அதனால் குட்டி அடிக்கடி குடிக்கும், மாதக்கணக்கில், பெரிய இனங்களில் ஆண்டுக்கணக்கில் குடிக்கும். குடிக்கிற குட்டி வளர்கிறது, வளர வளர இன்னும் கேட்கிறது. பாலோடு முடிவதில்லை. குட்டியை மார்பிலோ முதுகிலோ தொங்கவிட்டுக்கொண்டு தாய் நாள் முழுவதும் மரம் தாவ வேண்டும், மற்றவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

கென்யாவின் அம்போசெலியில் பபூன் தாய்களை ஜீன் ஆல்ட்மன் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். குட்டியின் வயது கூடக் கூட, தாய் மேயும் நேரமும் கூடிக்கொண்டே போனதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு கட்டத்தில் பகல் பொழுதே போதாமல் போகும். அதற்குள் குட்டி தானாகப் பறித்துத் தின்னத் தொடங்கியாக வேண்டும். இந்த இடத்தில்தான் பருவம் உள்ளே வருகிறது. பிஞ்சுக் கைக்கு எட்டுகிற, பால்பல்லால் மெல்லக்கூடிய உணவு அந்த நேரத்தில் காட்டில் இருக்கிறதா என்பதே கேள்வி.

அப்படியானால் பழம் குவியும் மாதத்தில்தான் குட்டி பிறக்க வேண்டும்?

இந்தத் தலைப்பில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. பழம் குவியும் காலம் ஆண்டில் இரண்டு மூன்று மாதம். கருத்தரிப்பு, கர்ப்பம், பாலூட்டல், பால் மறத்தல் எல்லாம் சேர்ந்தால் அதைவிட எவ்வளவோ நீளம். எல்லாவற்றையும் அந்த மூன்று மாதத்துக்குள் அடைக்க முடியாது. எந்தக் கட்டத்தை நல்ல காலத்தில் வைப்பது, எதைக் கெட்ட காலத்தில் தாங்குவது என்பதில்தான் ஒவ்வொரு இனமும் வேறு வேறு வழியில் போகிறது.

அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கும் சேமிப்பை எடுத்துச் செலவழிப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும். கூலி வகைத் தாய் அன்றைக்குத் தின்றதை அன்றைக்கே பாலாக்குகிறது. அதற்குப் பாலூட்டலின் உச்சமோ பால் மறக்கும் காலமோ பழப்பருவத்தில் விழ வேண்டும். அதனால் பருவம் வருவதற்குப் பல மாதம் முன்பே, காடு வறண்டிருக்கும்போதே அது கருத்தரிக்கிறது. சேமிப்பு வகைத் தாய் பழப்பருவத்தில் தின்று உடம்பில் கொழுப்பேற்றிக்கொள்கிறது, அந்தத் தெம்பு வந்த பிறகே கருத்தரிக்கிறது. அப்புறம் வரும் பஞ்சத்தை அந்த இருப்பைக் கரைத்துச் சமாளிக்கிறது.

ஆகவே ஒரு இனத்தின் குட்டிகள் வறட்சியில் பிறப்பதைப் பார்த்து "இதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிறந்த மாதத்திலிருந்து முன்னாலும் பின்னாலும் எண்ணிப் பார்க்க வேண்டும். சில இனங்கள் இரண்டு வழியையும் கலந்து வைத்திருக்கின்றன. காட்டில் சுத்தமான வகைகள் அரிது.

வறட்சியின் நடுவில் குட்டி போடும் இனம் எது? ஏன் அப்படி?

மடகாஸ்கரின் சிஃபாக்கா. நீண்ட கால்கள் கொண்ட லெமூர் இது. தீவின் தென்மேற்கிலுள்ள உலர்காட்டில் வெரோ சிஃபாக்கா ஜனவரி முதல் மார்ச் வரை, மழையில் காடு தழைத்திருக்கும்போது இணை சேர்கிறது. குட்டி பிறப்பதோ ஜூலை, ஆகஸ்டில், மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் காலத்தில். தாய் பாலூட்டுவதில் பெரும்பகுதி வறட்சியில் கழிகிறது, உடம்பும் இளைக்கிறது. ஆனால் ஆறு ஏழு மாதம் கழித்துக் குட்டி பாலை விடும்போது அடுத்த மழை பெய்து கொழுந்தும் பழமும் வந்திருக்கும். தாயின் கஷ்டத்தில் குட்டியின் முதல் சாப்பாட்டை வாங்கும் ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். பேசா மஹாஃபாலி காப்பகத்தில் அலிசன் ரிச்சர்ட் குழுவினர் சிஃபாக்காக்களைப் பிடித்து எடை போட்டு விடுவித்துவந்தார்கள். இணைசேரும் பருவத்தில் எடை கூடியிருந்த பெண்களே அந்த ஆண்டு குட்டி போடும் வாய்ப்பு அதிகம் என்று அந்த எடைகள் காட்டின. கையிருப்பு உள்ளவளே துணிகிறாள்.

கிழக்கே ரனோமஃபானா மழைக்காட்டில் வாழும் மில்னே-எட்வர்ட்ஸ் சிஃபாக்காவிடம் இதைவிட நுட்பமான ஒன்று தெரியவந்தது. இவற்றின் பல் வயதோடு தேய்கிறது. 18 வயதை ஒட்டி, இலையையும் விதையையும் நறுக்கும் கூர்விளிம்புகள் பெரும்பாலும் மழுங்கிவிடுகின்றன. ஆனால் கருத்தரிக்கும் திறன் அப்போதும் குறைவதில்லை. கிழத் தாய்கள் குட்டி போட்டுக்கொண்டுதான் இருந்தன. அந்தக் குட்டிகள் பிழைத்தனவா என்பதை மழை தீர்மானித்தது. பாலூட்டும் மாதங்களில் நல்ல மழை பெய்திருந்தால் குட்டி தப்பியது, மழை குறைந்தால் இறந்தது. இளம் தாய்களின் குட்டிகளுக்கு அந்த அளவு பாதிப்பில்லை. பெட்ரீசியா ரைட் உள்ளிட்டோர் 2005-இல் வெளியிட்ட இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பல்லின் விளிம்பு, ஒரு மாதத்து மழை, ஒரு குட்டியின் உயிர், மூன்றும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன.

சேமிப்பை எல்லை வரை கொண்டுபோன லெமூரும் மடகாஸ்கரிலேயே இருக்கிறது. தடித்தவால் குள்ள லெமூர் மழைக்காலத்தில் தின்று வாலில் கொழுப்பை நிரப்பிக்கொண்டு, ஆண்டில் ஏழு மாதம் வரை மரப்பொந்தில் உறங்கிக் கழிக்கிறது.

ஆண்டுக்கொரு பருவம் என்றே இல்லாத காட்டில் என்ன நடக்கும்?

போர்னியோ தீவின் காடுகளில் டிப்டெரோகார்ப் என்னும் உயர்ந்த மரக்குடும்பம் உண்டு. நம் பக்கத்துச் சால மரத்துக்கு உறவு. இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ ஒருமுறை, பெரும்பாலும் பசிபிக் கடல் வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நினோவை ஒட்டி, சதுரக் கிலோமீட்டர் கணக்கில் மரங்கள் ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் காய்க்கின்றன. வேறு பல குடும்பத்து மரங்களும் அந்த நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன. சில மாதங்கள் காடே விருந்துக்கூடம். அப்புறம் நெடுநாள் ஒன்றும் இருக்காது.

அந்தக் காட்டில்தான் ஒராங்குட்டான் வாழ்கிறது. மேற்கு கலிமந்தானின் குனுங் பலுங்கில் செரில் நாட் 1990-களின் நடுவில் அவற்றைக் காலை முதல் மாலை வரை பின்தொடர்ந்து, எந்தப் பழத்தை எத்தனை தின்றன என்று எண்ணிக் கலோரியாக மாற்றினார். பெருங்காய்ப்பு நடந்த மாதத்தில் ஒரு பெண் ஒராங்குட்டான் நாளுக்குச் சராசரியாக 7,400 கலோரி தின்றது. நாலு மாதம் கழித்துப் பழம் தீர்ந்த மாதத்தில் 1,800 கலோரிகூடத் தேறவில்லை. அப்போது மரப்பட்டையை உரித்து உள்நாரைச் சவைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் சிறுநீரில் கீட்டோன் தென்பட்டது. உடம்பு தன் கொழுப்பையே எரிக்கிறது என்பதற்கு அது அடையாளம். பெண்களின் ஈஸ்ட்ரோஜன் அளவும் பழம் நிறைந்த காலத்தில் உயர்ந்தும் பஞ்சத்தில் தாழ்ந்தும் இருந்தது. கருத்தரிப்புக்கான கதவு பழத்தோடு திறந்து பழத்தோடு மூடுகிறது.

ஒராங்குட்டான் தாய் சராசரியாக ஏழரை ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி போடுகிறது. பாலூட்டிகளில் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறு எதற்கும் இல்லை. அடுத்த விருந்து எப்போது என்று தெரியாத காட்டில், இருக்கும் ஒரு குட்டியை முழுதாக வளர்த்துவிட்டு அடுத்ததைப் பற்றி யோசிப்பதுதான் வழி.

இதன் இன்னொரு பக்கம் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் வந்தது. அருங்காட்சியகங்களில் இருந்த காட்டு ஒராங்குட்டான்களின் பற்களில் பேரியம் என்னும் தனிமம் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அடுக்கடுக்காக அளந்தார்கள். தாய்ப்பால் அதிகம் குடித்த காலத்தில் பல்லில் பேரியம் கூடும். ஓராண்டு தாண்டிய பிறகு பேரியம் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போயிருந்தது. அதாவது, பழம் உள்ள மாதங்களில் குட்டி பழம் தின்று பாலைக் குறைத்திருக்கிறது. பழம் இல்லாதபோது மறுபடி தாயின் மார்புக்கே திரும்பியிருக்கிறது. ஒரு விலங்கில் இது எட்டு வயதைத் தாண்டியும் தொடர்ந்திருந்தது. பட்டையைச் சவைத்துக்கொண்டிருந்த அந்தத் தாய்தான் அப்போதும் பால் கொடுத்திருக்கிறாள்.

காட்டில் ஓடும் விலங்கின் உடம்பில் நடப்பதை எப்படி அளக்கிறார்கள்?

பிடிக்காமல், ஊசி போடாமல் அளக்கிறார்கள். ஒராங்குட்டான் விடியற்காலையில் கூட்டைவிட்டு எழுந்ததும் சிறுநீர் கழிக்கும். அதற்கு முன்பே ஆய்வாளர் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்போடு நிற்க வேண்டும். தவறினால், கீழே இலைகளில் தெறித்த துளிகளைச் சிறு குழலால் உறிஞ்சி எடுப்பார்கள். அதில் ஹார்மோன், கீட்டோன் பார்க்கலாம். இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளிவரும் சி-பெப்டைடையும் பார்க்கலாம். விலங்கு செலவைவிட வரவு கூடுதலாக இருக்கிறதா, குறைவாக இருக்கிறதா என்பதை அது காட்டிக்கொடுக்கும். சாணத்திலிருந்தும் ஹார்மோன் எடுக்கிறார்கள்.

மரங்களின் கணக்கு தனி. நூற்றுக்கணக்கான மரங்களுக்கு எண்ணிட்ட தகடு அடித்து, மாதம் தவறாமல் ஒருவர் நடந்து போய் அண்ணாந்து பார்த்து, கொழுந்து, பூ, காய், பழம் என்று குறித்துவர வேண்டும். கழுத்து வலிக்கும் வேலை, பெயரும் வராது. ஆனால் இந்த ஏடு இல்லாமல் மேலே சொன்ன எதையும் சொல்ல முடியாது. பெரும்பாலும் உள்ளூர் வனப் பணியாளர்களே இதைப் பல்லாண்டு செய்துவருகிறார்கள்.

பழம் வரப்போகிறது என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது?

இரண்டு வழி. ஒன்று, பகல் நீளம். மழை முன்பின் ஆகலாம், பகல் நீளம் ஆண்டுதோறும் பிசகாது. சின்னஞ்சிறிய எலி லெமூர்கள் இதைத்தான் நம்புகின்றன. ஆய்வகத்தில் விளக்கொளியை மாற்றியே அவற்றின் இணைசேரும் காலத்தை மாற்றிவிடலாம். மடகாஸ்கரிலிருந்து வட அரைக்கோளத்து விலங்குக்காட்சிச் சாலைகளுக்குப் போன லெமூர்களின் பருவம் ஆறு மாதம் தள்ளிப் போய்விடுகிறது.

இரண்டாவது, உடம்பின் நிலை. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டினும், இன்சுலினும் மூளைக்கு இருப்பு நிலவரத்தைச் சொல்கின்றன. நிலவரம் மோசமென்றால் சூலகத்தை இயக்கும் ஹார்மோன்களின் துடிப்பை மூளை குறைத்துவிடும், முட்டை வெளிவராது. குரங்குகளிலும் வாலில்லாக் குரங்குகளிலும் இந்த வழிக்கு வலு அதிகம். உகாண்டாவின் கிபாலே காட்டுச் சிம்பன்சிகளில், சதைப்பற்றுள்ள பழங்கள் அதிகம் தின்ற காலத்தில் பெண்களின் ஹார்மோன் அளவும் கருத்தரிப்பும் உயர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

ஆண்களுக்கு இதில் பங்கே இல்லையா?

உண்டு. தென் அமெரிக்க அணில் குரங்குகளில் ஆண்கள் இணைசேரும் பருவத்துக்கு முன் தோளும் மேல்முதுகும் பருத்து ஆளே மாறிவிடும். அந்தப் பருவத்தில் ஓட்டமும் சண்டையும்தான், சரியாகத் தின்ன நேரம் இருக்காது. முன்கூட்டியே ஏற்றிய இருப்பு கைகொடுக்கிறது. ஆனாலும் ஆணின் செலவு சில வாரம். தாயின் செலவு பல மாதம். பருவத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தாயின் வயிறுதான்.

சாப்பாடு மட்டும்தான் காரணமா?

இல்லை. கோஸ்டா ரிக்காவின் கோர்கோவாடோ காட்டில் அணில் குரங்குகள் ஒரே வாரத்துக்குள் மொத்தமாகக் குட்டி போடுவதை சூ போயின்ஸ்கி பதிவு செய்தார். பருந்தும் மற்ற வேட்டையாடிகளும் எத்தனையைத்தான் தூக்கும்? எல்லாரும் ஒன்றாக ஈன்றால் ஒவ்வொரு குட்டிக்கும் ஆபத்து குறைகிறது. எந்த மாதம் என்பதைச் சாப்பாடும், அந்த மாதத்துக்குள் எவ்வளவு நெருக்கமாக என்பதை வேட்டையாடியும் முடிவு செய்வதாக இதைப் புரிந்துகொள்ளலாம்.

விளைச்சல் பொய்த்துவிட்டால்?

ஜப்பானின் கின்காசன் தீவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் கொட்டைகளும் பழங்களும் நன்றாக விளைந்தால் அடுத்த வசந்தத்தில் குட்டிகள் நிறைய. விளைச்சல் பொய்த்தால் அடுத்த வசந்தத்தில் குட்டிகளும் குறைவு. பனிக்காலம் தொடங்கும் முன் உடம்பில் தெம்பு ஏறாத பெண் அந்த ஆண்டை விட்டுவிடுகிறது.

கிளிமஞ்சாரோவின் அடியில் உள்ள அம்போசெலிச் சமவெளியின் பபூன்கள் ஆண்டு முழுவதும் குட்டி போடுபவை. அவைகூட வறட்சியில் தளர்கின்றன. மாதச் சுழற்சி நின்றுபோகிறது, கருத்தரிப்பு குறைகிறது. 1971 முதல் அந்தக் கூட்டங்களை விடாமல் பார்த்துவருவதால், எந்தப் பெண் எந்த ஆண்டு பிறந்தது, அதன் தாயின் அந்தஸ்து என்ன என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. 2009-இல் கடும் வறட்சி வந்தபோது எல்லாப் பெண்களும் ஒரே அளவு பாதிக்கப்படவில்லை. வறட்சியான ஆண்டில் பிறந்து வளர்ந்தவை அதிகம் தளர்ந்தன. செழிப்பான ஆண்டில் பிறந்தவை ஓரளவு தாக்குப்பிடித்தன. வறட்சியில் பிறந்தாலும் உயர்ந்த இடத்திலிருந்த தாய்க்குப் பிறந்தவற்றுக்குப் பாதிப்பு குறைந்தது. குழந்தைப் பருவத்துப் பசி, பல ஆண்டு கழித்துத் தானே தாயாகும்போது திரும்ப வந்து நிற்கிறது. வறட்சி வந்த ஆண்டோடு கணக்கு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

மனிதர்கள் சாப்பாடு போட்டால் என்ன ஆகும்?

பருவம் கலைந்துபோகும். இதற்கு இயற்கையாகவே அமைந்த ஒப்பீடு ஒன்று உண்டு. ராஜஸ்தானின் ஜோத்பூரில் சாம்பல் லங்கூர்களுக்கு அனுமன் பக்தியால் மக்கள் சப்பாத்தி, காய்கறி, பழம் என்று கொடுத்துவருகிறார்கள். அங்கே ஆண்டின் எல்லா மாதங்களிலும் குட்டி பிறக்கிறது, அடுத்த குட்டிக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆவதில்லை. நேபாளத்தின் ராம்நகரில் சால மரக்காட்டில், மனிதர் கையை எதிர்பார்க்காமல் வாழும் லங்கூர்கள் மழைக்காலத்தில் தொடங்கி நவம்பருக்குள் கருத்தரிக்கின்றன. குட்டிகள் ஆண்டின் முற்பாதியில் மட்டுமே பிறக்கின்றன, இடைவெளியும் இரண்டு ஆண்டுக்கு மேல்.

நம் கோயில் வாசல்களிலும் மலைப்பாதை வளைவுகளிலும் நடப்பதும் இதுதான். பிஸ்கட்டும் வாழைப்பழமும் பொரியும் பருவம் பார்ப்பதில்லை. பஞ்ச மாதம் என்று ஒன்று இல்லாமல் போகிறது. குட்டிகள் நெருங்கி நெருங்கிப் பிறக்கின்றன, கூட்டம் பெருக்கிறது. அப்புறம் அதே குரங்குகள் "தொல்லை" என்று பெயர் வாங்கிக் கூண்டில் ஏற்றப்பட்டு, தெரியாத காட்டில், எந்த மரம் எப்போது காய்க்கும் என்று அறியாத இடத்தில் இறக்கிவிடப்படுகின்றன. அன்பு காட்டுவதாக நினைத்துக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி நீட்டும் அந்த ஒரு பாக்கெட், வழியோரத்தில் வண்டியடியில் சாகும் குட்டிகளுக்கும் காரணமாகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைமந்திக்கு இது எப்படிப் பொருந்தும்?

சிங்கவால் குரங்கு என்று பலர் அறிந்த சோலைமந்தி மிக மெதுவாகப் பெருகும் இனம். காட்டில் ஒரு மந்தி ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடுகிறது. மழைக்காட்டில் அதன் முக்கிய உணவுகளில் ஒன்று வெடிப்பலா. முள் உருண்டை மாதிரி காய், கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூ. அந்தப் பூவின் சதைப்பற்றையும் தேனையும் தின்னும், பிறகு முள்ளுக்கு அஞ்சாமல் காயைப் பிளந்து விதையை எடுக்கும். களக்காடு மலையின் காக்காச்சியில் கணேஷும் பிரியா தாவிதாரும் செய்த ஆய்வில், மற்ற உணவு குறைந்திருக்கும் உலர்மாதங்களில் வெடிப்பலா பூப்பதும், சோலைமந்தி, கருமந்தி, மலையணில் என்று மரவாழ் விலங்குகள் பல அதைத் தேடி வருவதும் தெரிந்தது.

இப்படிப்பட்ட மரம் ஒரு காட்டுத்துண்டில் பத்து குறைந்தாலும் பசுமை அப்படியேதான் தெரியும், செயற்கைக்கோள் படத்திலும் வித்தியாசம் இராது. ஆனால் ஆண்டின் மோசமான இரண்டு மாதத்தைத் தாண்டவைக்கும் உணவு போய்விடுகிறது. அத்தி மரங்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தனித்தனிக் காலத்தில் காய்ப்பதால் எந்த மாதத்திலும் காட்டில் எங்காவது ஒரு அத்தி பழுத்திருக்கும். வால்பாறை மாதிரித் தேயிலைக்கு நடுவே துண்டுபட்ட சோலைகளில் மீண்டும் மரம் நடுகிறவர்கள் நிழலுக்கு எது, அழகுக்கு எது என்று பார்ப்பதோடு, எந்த மாதத்துக்கு எது என்றும் பார்த்து நட வேண்டும்.

பருவநிலை மாறுவது இதை எப்படிப் பாதிக்கும்?

பகல் நீளத்தை நம்பும் இனங்களுக்குச் சிக்கல் அதிகம். மழை தள்ளிப் போனாலும் அவற்றின் உடம்பு பழைய நாட்காட்டிப்படியே இணை சேரும். குட்டி பாலை விடும் நேரத்தில் கொழுந்து வந்திருக்காது. உடம்பின் இருப்பைப் பார்த்துக் கருத்தரிக்கும் இனங்கள் ஓரளவு வளைந்துகொடுக்கும். ஆனால் மரமே காய்க்காவிட்டால் எதற்கும் வழியில்லை. மத்திய ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் லோபே காட்டில் 1986 முதல் மாதந்தோறும் மரங்களைப் பார்த்துவருகிறார்கள். அங்கே பழம் பழுத்த மரத்தைக் காணும் வாய்ப்பு சுமார் முப்பது ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்துவிட்டது. சில மரங்கள் பூப்பதற்கு இரவு ஓரளவு குளிர வேண்டும், இரவுகள் வெப்பமாகிவருகின்றன. அந்தக் காட்டு யானைகள் மெலிந்திருப்பது படங்களை ஒப்பிட்டதில் தெரிந்தது. கொரில்லாவும் சிம்பன்சியும் அதே மரங்களின் அடியில்தான் வாழ்கின்றன.

கணக்கெடுப்பில் தலை எண்ணிக்கை குறையவில்லை என்றால் கவலையில்லை அல்லவா?

நீண்ட நாள் வாழும் விலங்குகளில் தலை எண்ணிக்கை தாமதமாகவே உண்மையைச் சொல்லும். வளர்ந்தவை இருபது, முப்பது ஆண்டு இருக்கும். பிறப்பு நின்று சில ஆண்டு ஆனாலும் கூட்டம் பார்வைக்குக் குறையாது. ஆகவே வளர்ந்த பெண் எத்தனை, அதில் எத்தனை பேரிடம் கைக்குட்டி, ஒரு வயதைத் தாண்டியது எத்தனை என்று பிரித்து எண்ண வேண்டும்.

இதை யாரும் செய்யலாம். பிறந்த குட்டியை நிறத்திலேயே அடையாளம் காணலாம். கருமந்தியின் குட்டி செம்பழுப்பு, தாயின் கறுப்பில் பளிச்சென்று தெரியும். நாட்டுக்குரங்குக் குட்டி கருமையான ரோமமும் இளஞ்சிவப்பு முகமுமாக இருக்கும். உங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தால் தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் அங்கே எந்த மரம் பூத்திருந்தது, எது பழுத்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூட்டத்துக்கு இருபது மீட்டருக்குள் போகாமல், கையில் தின்பண்டம் இல்லாமல்.